பெட்ரோல் காசும் பெரிய மனசும்

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆச்சு. ஊர் கோவில்பட்டி பக்கம். ஒரு ராத்திரி பஸ் பயணம்தான். நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற உங்களுக்கு, 'இதெல்லாம் ஒரு தூரமா'ன்னு சிரிப்பு வரும். ஆனா எர்ணாகுளம் மாவட்டத்துக்குப் பொங்கல் லீவு கிடையாது. அன்னைக்குக் காலையில் பாயின்ட் பண்ணின சட்டையோட கவுன்டருக்குப் பின்னாடி போய் உட்காரும்போது தெரியும், தூரம்னா என்னன்னு. சரி, புலம்பலை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

இன்னைக்கு எழுத வந்தது பெட்ரோல் காசைப் பத்தி. 'பேங்க்காரன் எழுத்துல வேற என்ன இருக்கும்'னு தங்கமணி ஏற்கனவே சொல்லியாச்சு. ஆனா போன சில மாசமா என் மனசை அறுத்துக்கிட்டு இருக்கிற விஷயம் இது. கொஞ்சம் என் தப்பும் இதில் இருக்கு. அதனால எழுதித் தீர்த்துடறேன்.

கேரளாவில் படுத்த படுக்கையா இருக்கிற நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஏற்பாடு ரொம்பப் பெரிசு. 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில டாக்டர்கள் வலி நிவாரணத்துக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் அது அந்தந்த ஊர் ஜனங்களே நடத்துற வலைப்பின்னலா மாறிச்சு. 2008ல் மாநில அரசு இதுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தது. இன்னைக்கு நர்ஸ் கூடவே தன்னார்வலர்களும் போறாங்க. புண்ணுக்கு மருந்து வைக்கிறது நர்ஸ் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேசறது, மருந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, வீட்டு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கிறது எல்லாம் எங்க வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது.

அப்படி எங்க பக்கத்து யூனிட் ஒண்ணில் நானும் சேர்ந்தேன். வெளி பகுதியில் தோபிகானா இருக்கு. தலைமுறை தலைமுறையா அங்கே துணி வெளுக்கிற தமிழ்க் குடும்பங்கள் இருக்காங்க. அதில் ஒரு பாட்டி, என்னைப் பார்த்ததும் தமிழில் பேச ஆள் கிடைச்சதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அங்கே ஆரம்பிச்சது. ஆறே மாசத்தில், 'சார் காமர்ஸ் படிச்சவர், பேங்க் ஆபீசர்'னு சொல்லிப் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டிட்டாங்க.

பொருளாளரா நான் செய்த முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? ஒரு தீர்மானம். 'தன்னார்வலர்களின் வாகனச் செலவு யூனிட்டைச் சேர்ந்ததல்ல.' முன்னாடி யாரோ எப்பவோ நூறு, இருநூறுன்னு ரசீது இல்லாம வாங்கியிருந்தாங்க. கணக்கில் அது ஒட்டவே இல்லை. ஒரே வரியில் வெட்டி விட்டேன். 'சேவைன்னா சேவைதான்'னு எல்லாரும் தலையாட்டினாங்க. மலையாளத்தில் எழுதி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியாச்சு. எனக்கு ஒரே பெருமை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாகணும். எங்களை மாதிரி வங்கி அதிகாரிகளுக்கு மாசம் இத்தனை லிட்டர்னு பெட்ரோல் காசு கிடைக்கும். 'அலுவலக வேலைக்கு இவ்வளவு உபயோகித்தேன்'னு நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். பஜார் ரோட்டில் மசாலா குடோன் பார்க்கப் போறது, கடன் வசூலுக்குப் பள்ளுருத்தி போறதுன்னு உண்மையாவே வண்டி ஓடும். ஆனா எல்லா மாசமும் அத்தனை லிட்டர் ஓடாது. மிச்சத்தில்தான் நான் ஞாயித்துக்கிழமை கும்பளங்கிக்கும் இடக்கொச்சிக்கும் போய் 'சேவை' செஞ்சுக்கிட்டு இருந்தேன். அதாவது என் சேவைக்குப் பெட்ரோல் போட்டது எங்க பேங்க். அது அப்போ உறைக்கவே இல்லை!

எங்க கூட ஒரு தம்பி வருவான். தேனிப் பக்கத்துப் பையன், மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா குடோனில் எடை போடற வேலை. பழைய பைக் ஒண்ணு வச்சிருந்தான். எந்த ஞாயிறும் தவற மாட்டான். வார நாளில்கூட வேலை முடிஞ்சதும் யாருக்காவது மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்துட்டுத்தான் ரூமுக்குப் போவான். அவன் திடீர்னு நின்னுட்டான். ரெண்டு மாசம் ஆளையே காணோம். சின்னப் பசங்களுக்கு எல்லாமே கொஞ்ச நாள் ஆசைதான்னு நானும் விட்டுட்டேன்.

நர்ஸ் சேச்சிதான் ஒரு நாள் ஆரம்பிச்சாங்க. "சாரே, ஆ பையன் வராறில்லல்லோ. சார் ஒண்ணு போய்ப் பாருங்க. உங்க ஊர்க்காரன்தானே."

போய்ப் பார்த்தேன். குடோன் வாசலில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை.

"வண்டி இல்லை சார். வித்துட்டேன்."

"ஏன் தம்பி?"

"மழையில தோப்பும்படி பக்கம் வழுக்கி விழுந்துட்டேன் சார். ஹெட்லைட்டு, ஹேண்டில்பார் எல்லாம் போச்சு. 3,800 ரூபா ஆகும்னாங்க. அந்த மாசம் ஊருக்கு வேற அனுப்பணும். வித்துட்டேன்."

"எப்ப விழுந்தே?"

"கும்பளங்கி தாத்தாவுக்கு மருந்து கொடுத்துட்டுத் திரும்பி வரும்போது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா..."

"போர்டுல ஒட்டியிருந்துச்சே சார்."

அந்த டீ தொண்டையில் இறங்கலை.

அன்னைக்கு ராத்திரி பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். அவன் மாசம் எவ்வளவு ஓட்டியிருப்பான்? ஞாயிறு ஒவ்வொண்ணும் 30 கிலோமீட்டர், மாசம் 120. வார நாளில் மருந்துக்கு ஒரு 80. மொத்தம் 200 கிலோமீட்டர். அந்த வண்டி லிட்டருக்கு 40 கொடுக்கும். 5 லிட்டர். 2025ல் கொச்சியில் லிட்டர் 105 ரூபாய் கணக்கில் 525 ரூபாய். அது கிட்டத்தட்ட அவனோட ஒரு நாள் கூலி. நாங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமையைக் கொடுத்தோம். அவன் ஞாயித்துக்கிழமையையும் கொடுத்து, மேல ஒரு நாள் கூலியையும் மாசாமாசம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கான். எங்களில் பெரிய நன்கொடையாளர் அவன்தான். ரசீது மட்டும் யாரும் கொடுக்கலை.

அது பெட்ரோல் மட்டும்தான். வண்டி பெட்ரோலில் மட்டுமா ஓடுது? என் ஸ்கூட்டருக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாங்கினது 90,000. 60,000 கிலோமீட்டர் ஓட்டி 20,000க்கு வித்தால், தேய்மானம் கிலோமீட்டருக்கு 1.17. சர்வீஸ், ஆயில் 3,000 கிலோமீட்டருக்கு 1,500, அதாவது 50 பைசா. ரெண்டு டயர் 3,000 ரூபாய், 20,000 கிலோமீட்டருக்கு வரும், 15 பைசா. இன்சூரன்ஸ் வருஷம் 1,800, நான் ஓட்டறது 6,000 கிலோமீட்டர், 30 பைசா. பெட்ரோல் லிட்டருக்கு 45 கிலோமீட்டர்னு 2.33. கூட்டினால் 4.45 ரூபாய். அதாவது பெட்ரோல் காசை மட்டும் கையில் கொடுத்து 'சரியாப் போச்சு'ன்னு சொல்றவங்க, பாதிச் செலவைத்தான் கொடுக்கிறாங்க. மீதிப் பாதி அன்னைக்குத் தெரியாது. டயர் வழுக்கும்போதும் செயின் அறும்போதும் மொத்தமா வந்து நிக்கும்.

இன்னொண்ணு. அவன் பைக்குக்கு மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது. சட்டப்படி அது கட்டாயம். நாம இடிச்சு அடுத்தவனுக்கு அடிபட்டால் அவனுக்குக் கிடைக்கும். நம்ம வண்டி உடைஞ்சால் ஒரு பைசா வராது. 'வண்டி எடுத்துட்டு வா'ன்னு கூப்பிடற எந்தச் சங்கமும், கோயில் கமிட்டியும், தமிழ்ப் பள்ளியும் இதைக் கேட்டுக்கிறதே இல்லை. நானும் கேட்கலை.

எங்கப்பா போஸ்ட்மேன். கரிசல் காட்டு வெயிலில் சைக்கிளில் நாலு கிராமம் சுத்துவார். சம்பளத்தோட சைக்கிள் பராமரிப்புக்குன்னு சின்னதா ஒரு தொகை வரும். அதை அம்மாகிட்ட கொடுக்க மாட்டார். தனியா ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். ஒரு தடவை பள்ளிக்கூட டூருக்கு அதிலிருந்து காசு கேட்டேன். "காலுக்குத்தான்டா சம்பளம். இது டயரோட காசு. அதுல கை வைக்கக் கூடாது"ன்னார். அப்போ கோபமா வந்துச்சு. பி.காம். மூணு வருஷம் படிச்சும் எனக்கு ஏறாத பாடம் அது.

இந்த சைக்கிள் அலவன்ஸுக்கு ஒரு கதை இருக்கு. ஏழாவது ஊதியக்குழு, 'இந்தக் காலத்தில் இது எதுக்கு'ன்னு மொத்தமா எடுத்துடச் சொல்லிச்சு. ஆனா 2017ல் மத்திய அரசு, போஸ்ட்மேன்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மட்டும் அது வேணும்னு நிறுத்தி வச்சு, மாசம் 90 ரூபாயை 180 ஆக்கினாங்க. அந்தச் செய்தியைப் படிச்சப்போ அப்பா இல்லை. இருந்திருந்தா டப்பாவை எடுத்துக் காட்டியிருப்பார்.

அதே 2017 ஜூலையில் வந்த உத்தரவில் இன்னொண்ணும் இருக்கு. அரசு ஊழியர் வேலை விஷயமா டூர் போகும்போது, மாநிலப் போக்குவரத்துத் துறை தனியா ரேட் சொல்லாத இடத்தில், சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், சொந்த ஸ்கூட்டருக்கு 12 ரூபாய். டி.ஏ. 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இந்த ரேட்டும் 25 சதவீதம் ஏறணும். 2024 ஜனவரியில் டி.ஏ. 50ஐத் தொட்டாச்சு. அந்தக் கணக்கில் 30, 15. என் ஸ்கூட்டருக்கு ஆகிற 4.45 எங்கே, இந்த 15 எங்கே? அந்த உத்தரவில் சொந்தக் காரும் டாக்சியும் ஒரே வரியில் வரும், சொந்த ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஒரே வரியில் வரும். அதனால அதை நம்ம சங்கத்துக்கு அப்படியே காப்பி அடிக்க முடியாது. செலவுக்கு மேல கொடுத்தா அது கூலி ஆயிடும். சொந்த உபயோகத்துக்கான வண்டியைக் கூலிக்கு ஓட்டினா இன்சூரன்ஸும் கை விரிச்சுடும். ஆன செலவைத் திருப்பிக் கொடுக்கிறது வேற, வாடகை கொடுக்கிறது வேற. நோட்டில் எழுதும்போது இந்த வித்தியாசம் தெளிவா இருக்கணும்.

வெளிநாட்டில் இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. பிரிட்டனில் 2011ல் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரைக்கும் வரி இல்லைன்னு வச்சாங்க. ஆபீஸ் வேலைக்கு ஓட்டறவருக்கும் தன்னார்வலருக்கும் ஒரே அளவுகோல். சைக்கிளுக்குக்கூட 20 பென்ஸ் உண்டு. (அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.) அமெரிக்காவில் கதை வேற. 2025ல் தொழிலுக்காகச் சொந்தக் கார் ஓட்டினா வருமான வரியில் மைலுக்கு 70 சென்ட் கழிச்சுக்கலாம். தர்ம காரியத்துக்கு ஓட்டினா 14 சென்ட்தான். தொழில் ரேட்டை வரித்துறை வருஷா வருஷம் பார்த்து மாத்துது. தர்ம ரேட் 1997ல் போட்ட சட்டத்திலேயே எழுதி வச்சது, அப்படியே நிக்குது. ஒரே கார், ஒரே ரோடு, ஒரே டயர். நல்லது செய்யப் போனா மட்டும் டயர் மெதுவாத் தேயும் போல!

இங்கேயே, கொச்சியிலேயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2018 ஆகஸ்ட் வெள்ளம். நான் அப்போ மதுரைப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன், டிவியில்தான் பார்த்தேன். மீனவர்கள் தங்களோட சொந்தப் படகை லாரியில் ஏத்திக்கிட்டு வெள்ளத்துக்குள்ள போனாங்க. அரசுக் கணக்குப்படி 669 படகு, குறைஞ்சது 65,000 பேரைக் காப்பாத்தினாங்க. கடல் அலைக்குக் கட்டின படகு, மதில் சுவரிலும் மரத்திலும் கம்பத்திலும் மோதினா என்ன ஆகும்? எத்தனையோ படகு உடைஞ்சது. முதலமைச்சர் பினராயி விஜயன், படகு ஒண்ணுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தர்றோம், உடைஞ்ச படகை அரசே சரி பண்ணும்னு அறிவிச்சார். உடனே கொச்சி மீனவ இளைஞர் ஒருத்தர் வீடியோவில் பேசினார். எங்க சகோதரங்களைக் காப்பாத்தினதுக்குக் காசு வேண்டாம், அது மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னார். நாடே கைதட்டிச்சு. நானும்தான்.

ஆனா அந்தப் பேச்சில் இன்னொரு பாதி இருந்தது. உடைஞ்ச படகைச் சரி பண்ணித் தர்றதாச் சொன்னது சந்தோஷம்னும் அவர் சொன்னார். அந்தப் பாதியை நாம யாரும் நினைவில் வச்சுக்கலை. எங்கப்பா சொன்னதும் அவர் சொன்னதும் ஒண்ணுதான். காலை, கையை, நேரத்தை, உயிரைக்கூட இலவசமாக் கொடுக்கலாம், அது கொடுக்கிறவன் இஷ்டம். படகு அவன் சோத்துத் தட்டு. அதை உடைச்சுட்டு, 'பெரிய மனசுய்யா உனக்கு'ன்னு பாராட்டிட்டுப் போறது நியாயம் இல்லை.

அடுத்த மாசக் கூட்டத்தில் என் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்கினேன். டூவீலருக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். இன்சூரன்ஸ் எப்படியும் கட்டப் போறதுதானே, அதனால அதைக் கணக்கில் சேர்க்கலை. காருக்கு 9 ரூபாய். யூனிட் வேலையா ஓட்டும்போது வண்டி அடிபட்டால், பில் கொண்டு வந்தா 5,000 ரூபாய் வரைக்கும் யூனிட் பார்த்துக்கும். இதுதான் நான் வச்சது.

ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர் எழுந்தார். நல்ல மனுஷர், இருபது வருஷமா நோயாளிகளுக்காக அலையறவர். "சேவைக்குக் கூலியா சாரே? இன்னைக்குப் பெட்ரோல், நாளைக்கு டீ, நாளன்னைக்குச் சம்பளமா?"ன்னார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கு. காசு உள்ளே வந்தா மனசு வெளியே போயிடும்னு பயம். நான் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினேன். போன வருஷம் ஆண்டு விழாவுக்குப் பொன்னாடை, பிளெக்ஸ் பேனர், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆன தொகையில், எல்லா டூவீலருக்கும் ஒரு வருஷ வண்டிக் காசு கொடுத்து மிச்சமும் இருக்கும். "பொன்னாடை போர்த்தறதுக்குப் பதிலா டயர் மாத்திக் கொடுப்போம் ஐயா"ன்னேன். சிரிச்சுட்டார்.

"ஆனா நான் வாங்க மாட்டேன்"னார். சிக்கலே அங்கேதான். வசதி இருக்கிறவர் எல்லாம் வேண்டாம்னு சொன்னா, வாங்கறவன் ஏழைன்னு நெத்தியில் எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும். அந்தத் தம்பி செத்தாலும் வாங்க மாட்டான். அதனால ஒரு விதி சேர்த்தோம். வண்டி எடுக்கிற எல்லாரும் மீட்டர் ரீடிங் எழுதணும், எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாங்கணும். வேண்டாதவங்க அப்புறமா நன்கொடை உண்டியலில் போட்டுக்கலாம். யார் போட்டாங்க, யார் போடலைன்னு யாருக்கும் தெரியாது. பொருளாளருக்கும் தெரியாது. பெரியவர் யோசிச்சு ஒத்துக்கிட்டார். கார் ரேட்டை மட்டும் 9லிருந்து 8 ஆக்கச் சொன்னார். ஆக்கினோம்.

என் பங்குக்கு ஒண்ணு பாக்கி இருந்தது. அந்த மாசம் பேங்கில் பெட்ரோல் டிக்ளரேஷன் எழுதும்போது நிஜமா ஓடின கிலோமீட்டரை மட்டும் எழுதினேன். வழக்கத்தை விட 8 லிட்டர் குறைஞ்சது. பக்கத்து சீட் நண்பர், "எல்லாரும் முழுசா எழுதும்போது நீங்க மட்டும் குறைச்சா எங்களுக்குத்தான் ஆபத்து"ன்னார். பதில் சொல்லத் தெரியலை. தங்கமணிகிட்ட சொன்னப்போ, "எட்டு லிட்டரா? எண்ணூத்தி நாற்பது ரூபாயா?"ன்னு என்னை விட வேகமாக் கணக்குப் போட்டுட்டு, கொஞ்சம் பொறுத்து, "சரி, விடுங்க"ன்னாங்க. அந்த 'விடுங்க'வில் மாமனார் டப்பா ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

தம்பிக்கு 3,800 ரூபாயை பில் இல்லாம எப்படிக் கொடுக்கிறதுன்னு கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதம். கடைசியில் கொடுத்தோம். அதை முன்பணமா வச்சு, பாக்கிக்கு மாசத் தவணையில் வேற ஒரு பழைய வண்டி எடுத்திருக்கான். நாலு வாரமா வர்றான். போன ஞாயிறு நோட்டைப் பார்த்தேன். கும்பளங்கி போய் வந்தது 23 கிலோமீட்டர். அவன் 21ன்னு எழுதியிருந்தான்.

"என்னப்பா, ரெண்டு குறையுது?"

"வர்ற வழியில என் வேலையா ஒரு கடைக்குப் போனேன் சார். அது என் கணக்கு."

84 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டான்.

நீங்க இருக்கிற ஊரிலும் ஒரு தமிழ்ச் சங்கமோ, ஞாயிறு பள்ளிக்கூடமோ இருக்கும். அதுக்காக ஒருத்தர் தன் வண்டியில் ஆளையும் பாத்திரத்தையும் ஏத்திக்கிட்டு ஓடிக்கிட்டு இருப்பார். அடுத்த தடவை அவருக்கு நன்றி சொல்லும்போது, மீட்டர் எவ்வளவு ஓடிச்சுன்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவரா சொல்ல மாட்டார்.